ஒரு பெயர், ஐந்து பாட்டு

மழை விட்ட ராத்திரி, மலையடிவாரத்து வீட்டுத் திண்ணையில் விளக்கை எரியவிட்டால் கால் மணி நேரத்தில் சுவர் நிறைந்துவிடும். ஈசல், அந்துப்பூச்சி, எங்கிருந்தோ வந்து மோதி விழும் வண்டு. அவற்றுக்கு நடுவில், இலைக்குக் கால் முளைத்த மாதிரி பச்சையாக ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். பச்சை வெட்டுக்கிளி என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுவோம். விடாமல் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், இது வயலில் தத்தும் வெட்டுக்கிளி இல்லை என்று தெரியும். வயல் வெட்டுக்கிளியின் உணர்கொம்பு குட்டை, கட்டை. இதற்கோ தலைமுடி போல மெல்லிசாக, உடம்பைவிட நீளமாக, இரண்டும் ஓயாமல் காற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். பின்பக்கம் வளைந்த கத்தி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது பெண். பயப்பட வேண்டாம், அது கொடுக்கு கிடையாது. முட்டை வைப்பதற்கான கருவி. அப்புறம் முன்னங்காலைப் பாருங்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே, செல்போன் கேமராவைப் பெரிதாக்கினால், சின்னக் கீறல் ஒன்று தெரியும். அதுதான் காது.

அமெரிக்காவில் இதற்குக் கேட்டிடிட் என்று பெயர். அங்கே உள்ள ஓர் இனம் கத்துவது ‘கேட்டிதான் செய்தாள், கேட்டி செய்யவில்லை’ என்று இரண்டு பேர் மாறி மாறிச் சண்டை போடுவதுபோல அந்த ஊர்க்காரர்கள் காதில் விழுந்ததாம். பிரிட்டனில் புஷ் கிரிக்கெட் என்பார்கள். இணையத்தில் அப்படித் தேடினால் மட்டையும் பந்துமாக வந்து நிற்கும். தமிழில் இதற்கென்று ஒரு பெயர் நிலைக்கவில்லை. கத்தும் பூச்சிக்குச் சங்கப் பாடல்களில் சிள்வீடு, சிதடி என்று அழகான சொற்கள் உண்டு. மலையாளத்தில் இன்றைக்கும் சீவீடு என்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் மரத்தில் கத்தும் சிள்வண்டையும் மூலையில் கத்தும் சுவர்க்கோழியையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும் சொற்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் கேட்டிடிட் என்றே வைத்துக்கொள்கிறேன். பெயர் இல்லாத சங்கடம் நமக்கு மட்டும் இல்லை, அறிவியலுக்கும் உண்டு. சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான்.

முதலில் பாட்டு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். ஆண் கேட்டிடிட்டின் இடது முன்னிறக்கை மேலே, வலது கீழே மடிந்திருக்கும். (சுவர்க்கோழிக்கு நேர் எதிர், வலதுதான் மேலே.) இடது இறக்கையின் அடியில் அரம்போலப் பல் பல்லாக ஒரு நரம்பு ஓடுகிறது. வலது இறக்கையின் ஓரம் அதில் உரசும்போது, பக்கத்தில் உள்ள கண்ணாடித்தாள் போன்ற சவ்வு அதிர்ந்து சத்தத்தைப் பெருக்குகிறது. பற்களின் இடைவெளி, உரசும் வேகம், நடுவில் விடும் மௌனம் எல்லாம் சேர்ந்து ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தாளத்தைத் தருகின்றன. பெண் இருட்டில் ஆணின் நிறத்தையோ உருவத்தையோ பார்த்து வருவதில்லை. தாளத்தைக் கேட்டு வருகிறது. தாளம் மாறினால் ஜோடி சேராது. ஜோடி சேராத இரண்டு கூட்டம் எத்தனை ஒரே மாதிரி இருந்தாலும் காலப்போக்கில் தனித்தனிதான்.

இனி மெக்கோபோடா எலாங்கேட்டா. 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்த கேட்டிடிட். கட்டைவிரலைவிடப் பெரிது, பச்சையாகவும் இருக்கும், காய்ந்த சருகு நிறத்திலும் இருக்கும், பின்னங்கால் மட்டும் நெடுநெடுவென்று நிற்கும். இந்தச் சாதிப் பூச்சிகள் இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை உண்டு. சீனாவில் இதைக் கூண்டில் வளர்த்துப் பாட்டுக் கேட்பார்கள். தறி ஓடும் சத்தம்போல இருப்பதால் நெசவுப் பெண் என்றே அங்கே அதற்குப் பெயர். இப்படி அகன்ற பரப்பில் ஒரே பெயரோடு திரியும் பூச்சியைப் பற்றி யாருக்கும் கவலை வராது. எங்கும் இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது, அப்புறம் என்ன?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவருடைய மாணவராக இருந்த விவேக் நித்யானந்தாவும் தென்னிந்தியாவில் இந்தப் பூச்சியின் பாட்டைப் பதிவு செய்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இந்த ‘ஒரு’ பூச்சி ஐந்து விதமாகப் பாடுகிறது. ஓர் ஆண் ஐந்தையும் மாற்றி மாற்றிப் பாடினால் அதை மனநிலை என்று சொல்லலாம். அப்படி நடப்பதில்லை, ஒருவனுக்கு ஒரு பாட்டுதான். ஆய்வாளர்கள் அவற்றுக்குச் செல்லப் பெயர் வைத்தார்கள்: ஹெலிகாப்டர், ரயில், பறவை, சிர்ப்பர், இரட்டைப் பகுதி. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பொருத்தமான பெயர்கள். ரயில் வகை ஓடும் ரயில்போலத் தொடர்ந்து போகும். சிர்ப்பர் விட்டு விட்டுக் கீச்சிடும்.

பிறகு ஐந்து பாட்டையும் அளந்து பார்த்தபோது அவை ஐந்து கொத்தாகவே விழுந்தன. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கலப்புப் பாட்டு கிடைக்கவில்லை. ஒரே இடத்தில் கலந்து வாழும் வகைகளின் உடம்பைத் திரும்பவும் நுணுக்கிப் பார்த்தார்கள். தோலின் மேல் உள்ள மெழுகுப் பூச்சின் வேதிப்பொருள்கள் வகைக்கு வகை வேறுபட்டன. பிறப்புறுப்பின் வடிவத்திலும் வித்தியாசம் இருந்தது. கண் கண்டுபிடிக்காததைக் காது முதலில் கண்டுபிடித்தது, கண் பின்னால் வந்து ஒப்புக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, லின்னேயஸ் வைத்த ஒரு பெயருக்குள் தென்னிந்தியாவில் மட்டும் பல இனங்கள் குடியிருக்கின்றன என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது. ‘எங்கும் இருக்கிறது’ என்று நினைத்த பூச்சியில் ஏதோ ஒரு வகை, சில காடுகளில் மட்டும் வாழும் பூச்சியாகவும் இருக்கலாம். உலகில் வேறெங்கும் இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் வாழும் உயிரை ஓரிட வாழ்வி என்பார்கள். பிரித்துப் பெயர் வைக்காதவரை அது ஓரிட வாழ்வியா, ஊரெல்லாம் திரிவதா என்ற கேள்வியையே கேட்க முடியாது.

உலகத்தில் இதுவரை பெயர் வைத்த கேட்டிடிட்டுகள் சுமார் 8,000. அதில் பெரும்பகுதி, ஊசியில் குத்திக் காயவைத்த உடம்பைப் பார்த்து வைத்த பெயர். காய்ந்த உடம்பு பாடாது, நிறமும் வெளுத்துவிடும். முற்றிலும் ஊமை என்றும் சொல்ல முடியாது, அதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. கேட்டிடிட்டின் தூரத்து உறவான புரோஃபலாங்கோப்ஸிஸ் அப்ஸ்கூரா என்ற பூச்சி 1869இல் பெயர் பெற்றது. ஆதாரம், லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரே ஓர் ஆண். எங்கே பிடித்தது என்றால் ‘ஹிந்துஸ்தான்’. அவ்வளவு பெரிய தேசத்தில் எந்த மலை, எந்தப் புதர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 2022இல் அந்தப் பழைய இறக்கையை லேசர் கொண்டு அளந்து, அது 4.7 கிலோஹெர்ட்ஸ் அளவில் பாடியிருக்கும் என்று கணக்கிட்டு, ஒலியையே உருவாக்கிக் காட்டினார்கள். 150 வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பூச்சியின் குரல் கிடைத்துவிட்டது, ஊர்தான் கிடைக்கவில்லை.

ஊர் ஏன் இவ்வளவு முக்கியம்? கேட்டிடிட்டுகளில் பல இனங்களுக்குப் பறக்கும் இறக்கை கிடையாது. பாடுவதற்கு வேண்டிய துண்டு இறக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டவை அவை. குளிர்ந்த மலைக்காட்டில் பிறந்த அப்படிப்பட்ட பூச்சிக்குக் கீழே உள்ள வறண்ட சமவெளி கடல் மாதிரி. பக்கத்து மலை கண்ணுக்குத் தெரியும், போக முடியாது. லட்சக்கணக்கான வருஷம் இப்படி ஒதுங்கி இருந்தால் மலைக்கொரு இனம் ஆகிவிடும்.

தான்சானியாவிலும் கென்யாவிலும் கிழக்கு வளைவு மலைகள் என்று 13 மலைத்தொகுதிகள் இருக்கின்றன. சுற்றிலும் வறண்ட புல்வெளி, மேலே இந்தியப் பெருங்கடலின் ஈரத்தைக் குடித்து வாழும் காடு. கிளாடியா ஹெம்ப் என்ற ஜெர்மன் ஆய்வாளர் பல வருஷங்களாக அங்கேயும் கிளிமஞ்சாரோவிலும் கேட்டிடிட்டுகளைத் தேடி வருகிறார். கிளிமஞ்சாரோவில் அவர் கண்டு 2001இல் பெயர் வைத்த ஏரோடெக்மினா என்ற பூச்சிக்கு இறக்கை பலூன்போல உப்பியிருக்கும். அதே சாதியில் இன்னொன்று தெற்குப் பாரே மலையின் ஷெங்கேனா காட்டில் கிடைத்தது, பெயரிலேயே அந்தக் காடு இருக்கிறது. கிரீஸ் நாட்டிலும் இதே கதைதான். பர்னாசியானா என்ற குட்டை இறக்கைக் கேட்டிடிட்டுகள் அந்த நாட்டு மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் பிரிந்து பிரிந்து வாழ்கின்றன. பல இனங்களுக்கு அவை வாழும் மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே கீழே காடு, மேலே புல். நம் சோலைக்காட்டு உச்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது.

மேற்குத் தொடர்ச்சி மலை 1,600 கிலோமீட்டர் நீளம். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் அதைப் பிளக்கிறது. இந்தப் பிளவு உயிரினங்களை எப்படிப் பிரித்தது என்பதைப் பறவைகளில் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். சோலைக்குள் தரையோரமாகத் திரியும் ஒரு சின்ன நீலப் பறவை, கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் ஓர் இனம், தெற்கே இன்னோர் இனம். 2017இல் அவற்றுக்குச் சோலிகோலா என்று புதிய பேரினப் பெயரே வைத்தார்கள், நம் ‘சோலை’யிலிருந்து எடுத்து. பறக்கிற பறவைக்கே இந்தக் கணவாய் எல்லை என்றால், இலைவிட்டு இலை நடக்கிற பூச்சிக்கு எத்தனை எல்லைகள் இருக்கும்? பறவைக்கு ஆள் இருக்கிறது, தவளைக்கும் இப்போது ஆள் வந்துவிட்டது. கேட்டிடிட்டுக்கு ராத்திரி காட்டுக்குள் போய் உட்காருகிறவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

அப்படி உட்கார்ந்து கேட்ட காடுகளில் ஒன்று கர்நாடகத்தின் குதிரேமுக். இரும்புத்தாது வெட்டிய சுரங்கம் உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 கடைசியில் மூடப்பட்டதே, அந்த மலைதான். அங்குள்ள பசுமைமாறாக் காட்டில் சுவர்க்கோழி உறவுகளும் கேட்டிடிட்டுகளுமாகச் சுமார் 20 இனங்கள் கத்துவதை ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் பிரித்தறிந்தார்கள். இன்னது தரையோரம், இன்னது புதர், இன்னது மரத்தின் உச்சி என்று மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. கத்தும் நேரத்திலும் வித்தியாசம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது உச்சிமாடிக்காரரான ஒனோமார்க்கஸ் யூனிநோட்டேட்டஸ். பெரிய பச்சைப் பூச்சி, குடியிருப்பது பலா மரத்தில். கேட்டிடிட் கூட்டத்தில் பலதும் மனிதக் காதுக்கு எட்டாத கீச்சுக் குரலில் பாடுபவை; கொலம்பியாவின் கொர்கோனா தீவில் ஒன்று 150 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. நம் பலாமரத்தார் 3.2 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறார், இந்தக் குடும்பத்துக்கு அது அடிக்குரல். உயரமான குரல் இலைகளில் பட்டுச் சீக்கிரம் செத்துவிடும், தாழ்ந்த குரல் தூரம் போகும். இன்னும் விசேஷம், பெண் பதில் சொல்லும் விதம். அது வாய்விட்டுக் கத்துவதில்லை. ஆணின் பாட்டைக் கேட்டதும் உடம்பைக் குலுக்குகிறது. குலுக்கல் கிளை வழியாக ஓடுகிறது. ஆண் அந்த அதிர்வைக் காலால் உணர்ந்து, கிளை கிளையாக நடந்து பெண்ணிடம் போய்ச் சேர்கிறான். 2015இல் இதை வெளியிட்டார்கள். கேட்பது காற்றில், பதில் மரத்தில்.

பெண் பறந்து வராமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்வது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வைப் பார்த்தால் புரியும். மெகாடெர்மா ஸ்பாஸ்மா என்ற பெரிய காது வௌவால் கேட்டிடிட்டைப் பிடித்துத் தன் தங்குமிடத்துக்குக் கொண்டுவந்து, இறக்கையைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டுத் தின்னும். கீழே கிடந்த இறக்கைகளைப் பொறுக்கி எண்ணினார்கள். கத்தி இடத்தைக் காட்டிக் கொடுக்கும் ஆண்கள்தான் அதிகம் மாட்டியிருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். மாட்டியது அதிகம் பெண்கள். ஆண் ஒளிந்து உட்கார்ந்து கத்துகிறான், அவனைத் தேடிப் பறந்து போகிறவள் வௌவால் வாயில் விழுகிறாள். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், என் ஊகம்தான்: காடு துண்டாகி மரங்களுக்கு நடுவே இடைவெளி கூடினால், பெண் பறக்க வேண்டிய தூரமும் கூடும். காடு சாகவில்லை, மரம் இருக்கிறது, பூச்சி குறைகிறது என்ற நிலை இப்படியும் வரலாம்.

பலா மரம் என்றதும் காப்பித் தோட்டம் நினைவுக்கு வருகிறது. மேற்கு மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்குப் பலா, அத்தி என்று நாட்டு மரங்கள் இருந்த இடத்தில், மிளகு ஏற்றவும் மரமாக விற்கவும் வசதி என்று சில்வர் ஓக் வந்து நிற்கிறது. விமானத்திலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சைதான். பலாவில் குடியிருந்த பூச்சிக்கு இரண்டும் ஒன்றாகுமா என்பதை அந்தத் தோட்டத்தில் ராத்திரி நின்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

சரி, பாதுகாப்பு என்று வந்தால் எங்கே நிற்கிறோம்? இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. இமயமலைத் தும்பி ஒன்றும் உண்டு. கேட்டிடிட்டுக்கு இடம் இல்லை. அழகான பூச்சிகளைப் பிடித்து விற்பவர்களைத் தடுக்க அந்தப் பட்டியல் உதவியது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டிடிட்டை இங்கே யாரும் பிடித்து விற்பதில்லை. அதன் இடம்தான் பறிபோகிறது. சேர்க்கலாம் என்று நினைத்தாலும் எந்தப் பெயரில் சேர்ப்பது? ஹெலிகாப்டர் என்றா?

ஐரோப்பாவில் பெயர் வைக்கும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது, அதனால் அடுத்த வேலைக்குப் போக முடிந்தது. வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, கேட்டிடிட் எல்லாவற்றையும் சேர்த்து 1,082 இனங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2016இல் ஒரு சிவப்புப் பட்டியல் வெளியிட்டார்கள். கால்வாசிக்கும் சற்று மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்று தெரிந்தது. தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன உதாரணம். மருவைக் கடிக்க விட்டால் மரு உதிர்ந்துவிடும் என்று ஸ்வீடன் விவசாயிகள் நம்பிய ஒரு கேட்டிடிட். லின்னேயஸ் அதையே வைத்து வெருசிவோரஸ், அதாவது மரு தின்னி, என்று பெயர் சூட்டினார். இங்கிலாந்தின் தெற்கில் சில இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முட்டை வைக்க வெயில் படும் குட்டைப் புல்லும் வெறும் மண்ணும் வேண்டும், வளர்ந்த பிறகு ஒளிந்துகொள்ள அடர்ந்த புல் குத்துகள் வேண்டும். ஆடு மாடு மேயாவிட்டால் புல் மூடிக்கொள்ளும், அதிகம் மேய்ந்தால் ஒளிய இடமிருக்காது. ஆகவே எந்த மாதம், எவ்வளவு மேய்க்கலாம் என்று பூச்சிக்காக மேய்ச்சலைத் திட்டமிடுகிறார்கள். வேலி போட்டுப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பூச்சி செத்திருக்கும். நம் ஊரில் காட்டைக் காப்பது என்றால் ஆளை வெளியேற்றிப் பூட்டுவது என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆசை.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் கலிபோர்னியாவில். ஆன்டியாக் என்ற ஊரின் ஆற்றோர மணல்மேட்டில் 1937இல் ஒரு கேட்டிடிட்டைப் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதன் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. மணல்மேட்டைப் பெரும்பாலும் அள்ளித் தீர்த்துவிட்டார்கள். செங்கல்லுக்குப் போன மணல் அது. 40 வருஷம் கழித்து, 1977இல், பூச்சியியலாளர் டேவிட் ரென்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் பூச்சியைப் பார்த்து இது புது இனம் என்று கண்டுகொண்டு பெயர் வைத்தார்: நெடூபா எக்ஸ்டிங்டா. அழிந்துபோன நெடூபா. பிறந்த குழந்தைக்கும் இறந்தவருக்கும் ஒரே நாளில் சடங்கு செய்த மாதிரி.

நம் மலைகளில் இப்படிப் பெயர் வைக்கப்படாமலே போனவை எவை என்று யாராலும் சொல்ல முடியாது. இருப்பதை அறியவாவது ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. குதிரேமுக்கில் இதையும் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வோர் இனத்தின் பாட்டையும் பழகிய ஓர் ஆள் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரம் நின்று கேட்டதை எழுதினால், அது எண்ணிக்கைக்கு நம்பகமான முறையாகவே இருந்தது. பூச்சியைப் பிடிக்கவோ கொல்லவோ வேண்டியதில்லை. 2007இல் வெளிவந்த ஆய்வு அது. இன்றைக்கு ராத்திரி முழுக்க மரத்தில் கட்டிவிடும் சின்னப் பதிவுக்கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கருவி பதிவு செய்ததை இன்னது என்று சொல்ல, முதலில் யாராவது அந்தப் பாட்டைப் பாடியவனோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். கிட்டே போனால் நிறுத்திவிடும். அசையாமல் நின்றால் திரும்ப ஆரம்பிக்கும். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று, சத்தம் வரும் திசைக்குக் கை நீட்டினால், இரண்டு கையின் கோடும் வெட்டும் இடத்தில் அநேகமாகப் பூச்சி இருக்கும். டார்ச்சைக் கடைசி நொடியில்தான் போட வேண்டும்.

இந்த வித்தையைப் போன மழைக்காலத்தில் அக்கா மகளோடு செய்து பார்த்தேன். அவளுக்கு 11 வயது. கொய்யா மரத்தடியில் நின்று, “மாமா, அந்தா கத்துது” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் சொட்டுவதும் தூரத்துத் தவளையும்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். “நல்லாக் கேளுங்க, இப்ப நிறுத்திருச்சு, இப்ப திரும்ப” என்று விரலால் தாளம் போட்டுக் காட்டினாள். வயது ஏற ஏறக் காதுக்கு முதலில் போவது உயர்ந்த கீச்சு ஒலிதான் என்று படித்தது அப்போதுதான் உறைத்தது. நான் கை நீட்டவே இல்லை. அவள் ஒரு பக்கம் நின்று காட்டினாள், பிறகு மறுபக்கம் ஓடிப் போய் நின்று காட்டினாள். டார்ச் அடித்தேன். ஒரு கொய்யா இலையின் அடியில், இலையைவிட வெளிறிய பச்சையில், இரண்டு இறக்கையும் மங்கலாகத் தெரியும் வேகத்தில் அதிர்ந்துகொண்டிருந்தன. எனக்கு அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.